அம்மாவுக்கு எந்த பிபி மெஷின்?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. பிபி மாத்திரை சாப்பிடுகிறார், சர்க்கரையால் பார்வை மங்கல். ஊரில் தனியாக இருக்கிறார். அவரே பார்த்துக்கொள்ள எந்த மெஷின் வாங்கலாம்? ஸ்மார்ட் வாட்ச் போதுமா?

பதில்: வாட்ச் வேண்டாம். பிபி காட்டும் வாட்ச்களில் பலவற்றை அவ்வப்போது ஒரு பிபி மெஷினோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். எப்படியும் மெஷின் வாங்கத்தான் போகிறீர்கள். மணிக்கட்டில் கட்டுவதும் வேண்டாம். கை நெஞ்சு மட்டத்திலிருந்து இறங்கினாலே அளவு கூடிவிடும். மேல்கையில் கட்டும் ஆட்டோமேட்டிக் மெஷின்தான் சரி.

வாங்கும் முன் டெய்லர் டேப்பால் அம்மாவின் மேல்கைச் சுற்றளவை, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், அளந்துவிடுங்கள். பெட்டியோடு வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் கைக்குத்தான். 35 சென்டிமீட்டர் கையில் அதையே இழுத்துக் கட்டினால் இல்லாத பிபியை மெஷின் காட்டும், அதை நம்பி மாத்திரையும் ஏறும். ப்ளூடூத்துக்குச் செலவழிக்கும் காசைப் பெரிய பட்டைக்குச் செலவழியுங்கள் என்பேன்.

அளவைக் குரலில் சொல்லும் மெஷின்கள் கிடைக்கின்றன. எந்த மொழியில் பேசுகிறது, அம்மாவுக்குப் புரியுமா என்று கடையிலேயே ஓடவிட்டுக் கேளுங்கள். புரியாது என்றால் பெரிய எழுத்தும் மெமரியும் உள்ளது போதும். நீங்கள் போகும்போது பழைய அளவுகளைப் பார்த்துக்கொள்ளலாம். ஸ்டார்ட் பட்டனில் கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிவிடுங்கள், தடவியே கண்டுபிடித்துவிடுவார்.

அப்புறம், பார்க்கும் முறை. ஜாக்கெட் கைக்கு மேல் பட்டையைக் கட்டக்கூடாது. முதுகு சாய்த்து, பாதம் தரையில் பட, கையை மேஜைமேல் வைத்து ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரம் காபி கூடாது. மெஷின் ஓடும்போது நீங்கள் போன் பண்ணிவிடாதீர்கள். பேசினாலே பிபி ஏறும்.

நினைத்தபோதெல்லாம் பார்ப்பது வீண் பயம். டாக்டரிடம் போகும் முன் ஏழு நாள், காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்தால் போதும். முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரி எடுங்கள். வீட்டு அளவில் 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் அதிகம். ஆனால் மாத்திரையை நீங்களாக மாற்ற வேண்டாம்.

180/120-ஐத் தாண்டினால் சில நிமிடம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் இறங்காவிட்டால் அன்றே டாக்டரைக் கேளுங்கள். கூடவே நெஞ்சு வலி, மூச்சிரைப்பு, கைகால் மரத்துப்போவது, வாய் குழறுவது என்று ஏதாவது இருந்தால் மறுபடி அளக்கக் காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.