ஏரிக்கு ஃபிஷ் ஃபைண்டர்: திரையை விடுங்கள், டிரான்ஸ்டியூசரைப் பாருங்கள்

கேள்வி: ஐந்து பேர் சேர்ந்து ஏரியில் மீன் பாசி குத்தகை எடுத்திருக்கிறோம். ஃபைபர் படகு. காசிமேட்டில் 9 அங்குலத் திரையோடு ஒரு ஃபிஷ் ஃபைண்டர் பார்த்தோம். டிரான்ஸ்டியூசர் 50/200. வாங்கலாமா?
- காவேரிப்பாக்கம் வாசகர்

பதில்: 9 அங்குலம் வேண்டாம், 5 அங்குலம் போதும். மீனைக் கண்டுபிடிப்பது திரை இல்லை. தண்ணீருக்குள் இருந்து ஒலியை அனுப்பி, அது மோதித் திரும்புவதை வாங்கித் தருகிற டிரான்ஸ்டியூசர்தான். மிச்சமாகும் பணத்தை அதில் போடுங்கள்.

50/200 என்பது அது அனுப்பும் ஒலியின் அதிர்வெண்கள், கிலோஹெர்ட்ஸ் கணக்கில். 50 என்பது நூற்றுக்கணக்கான அடி ஆழமுள்ள கடலுக்கு. உங்கள் ஏரி நிரம்பினாலே 30 அடி சொச்சம்தான். 83/200 இருக்கிறதா என்று கேளுங்கள். பல மாடல்களில் 200-ல் ஒலி 20 பாகைக் கூம்பாக இறங்கும். 15 அடி ஆழத்தில் அது தரையில் 5 அடி வட்டத்தைத்தான் பார்க்கும். 83-ல் கூம்பு 60 பாகை வரை விரியும், அதே ஆழத்தில் 17 அடி வட்டம் கிடைக்கும். கரையோரம் முழங்கால் தண்ணீரில் இரண்டாலும் பிரயோஜனமில்லை. அங்கே உங்கள் அனுபவம்தான் கருவி.

கேள்வி: கட்லாவா, ஜிலேபியா என்று திரையில் தெரியுமா?
- ஆற்காடு வாசகர்

பதில்: தெரியாது. தெரியும் என்று சொல்கிற கடையில் வாங்காதீர்கள்.

கேள்வி: எங்களுடையது மரப்படகு. ஓட்டை போட மனசில்லை. டிரான்ஸ்டியூசரை உள்பக்கமே ஒட்டிவிடலாம் என்கிறார் கடைக்காரர்.
- குடியாத்தம் வாசகர்

பதில்: ஒட்டாதீர்கள். மரம் ஒலியை விழுங்கிவிடும். உள்ளே ஒட்டுவதெல்லாம் நடுவில் நுரை வைக்காத கெட்டி ஃபைபருக்கு மட்டும். அதிலும் நான் ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். அவசரத்துக்குச் சீக்கிரம் காயும் பசை ஒன்றை வாங்கி ஒட்டினேன். உள்ளே காற்றுக்குமிழி நின்றுவிட்டது, திரையில் ஒன்றும் வரவில்லை. பெயர்த்தெடுக்கும்போது டிரான்ஸ்டியூசரே உடைந்தது. ஃபைபர் படகுக்காரர்கள் மெதுவாகக் காயும் எபாக்சி வாங்குங்கள். ஒட்டுவதற்கு முன்னால் அந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அதில் டிரான்ஸ்டியூசரை வைத்து, ஆழம் சரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: மெதுவாகப் போனால் படம் தெளிவாக இருக்கிறது. வேகம் எடுத்தால் திரை காலி. கருவியே கோளாறா?
- செங்கம் வாசகர்

பதில்: பெரும்பாலும் இடம்தான் கோளாறு. டிரான்ஸ்டியூசருக்கு அடியில் காற்றுக்குமிழி ஓடினால் ஒலி அதைத் தாண்டாது. படகின் பின்பலகையில், புரொப்பல்லரிலிருந்து 15 அங்குலமாவது தள்ளிப் பொருத்துங்கள். பின்னால் நின்று பார்க்கும்போது புரொப்பல்லர் கடிகாரம் சுற்றுகிற திசையில் சுழன்றால் வலது பக்கம் நல்லது. அடிப்பாகத்தில் ரிவெட்டோ வரிச்சட்டமோ ஓடுகிற நேர்கோட்டைத் தவிர்த்துவிடுங்கள். டிரான்ஸ்டியூசரின் முகம் படகின் அடியை விடக் கொஞ்சம் கீழே இருக்கட்டும். முதலில் கிளாம்ப் போட்டு ஓட்டிப் பாருங்கள், அப்புறம் துளை போடலாம். துளைக்கு சீலன்ட் அவசியம். கேபிள் நீளம் என்று வெட்டாதீர்கள், சுருட்டிக் கட்டுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் பாதி விலைக்கு டிரான்ஸ்டியூசர் வாங்கி நான்கு மாதம் ஆகிறது. இப்போதுதான் பெட்டியைத் திறந்தேன். கேபிளின் பிளக் கருவியில் பொருந்தவில்லை.
- வேலூர் வாசகர்

பதில்: ஒவ்வொரு கம்பெனிக்கும் இணைப்பு வேறு. ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல் மாறும். மாடல் எண்ணைப் பார்க்காமல் வாங்கி, பெட்டியையும் நான்கு மாதம் திறக்காமல் வைத்தால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? பொருள் வந்த அன்றே திறந்து பாருங்கள் என்று எத்தனை தடவை எழுதுவது!

கேள்வி: புதுசு என்று கொடுத்த டிரான்ஸ்டியூசரில் பழைய பசை ஒட்டியிருந்தது. மறுநாளே போனேன். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற பலகையைக் காட்டுகிறார்கள். பில்லும் தரவில்லை. பணம் வங்கிக் கணக்கு வழியாகத்தான் போயிருக்கிறது.
- ராணிப்பேட்டை வாசகர்

பதில்: மனசு வலிக்கிறது. நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை.

அந்தப் பலகை சட்டத்துக்கு மேலே இல்லை. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதும் அப்படித்தான். பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. நம் ஊர்க் கடைகளில் "பில் வேண்டாம் என்றால் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன்" என்கிறார்கள். நாமும் சரி என்று தலையாட்டுகிறோம். அந்தக் குறைப்பில் போவது உங்கள் வாரண்டியும், நாளைக்குப் பேச வேண்டிய உங்கள் வாயும். பில் இல்லாமல் 100 ரூபாய்ப் பொருளைக்கூட வாங்காதீர்கள்.

இப்போதைக்குப் பணம் போன விவரத்தைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பசை தெரிகிற மாதிரி படம் எடுங்கள், துடைத்துவிடாதீர்கள். ஸ்பீட் போஸ்ட்டில் கடைக்கு ஒரு கடிதம் போடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் பேசுங்கள். நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடம் அவகாசம் உண்டு. "தொழிலுக்கு வாங்கியது, நுகர்வோர் ஆக மாட்டீர்கள்" என்று கடைக்காரர் மிரட்டலாம். சொந்த உழைப்பில் பிழைப்பதற்காக வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். அனுப்பும் முன் எனக்கு ஒரு நகல் போடுங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.