கிராமி கேள்வி பதில்: ஒரே பாட்டுக்கு ஏன் இரண்டு விருது?

அமெரிக்காவின் பெரிய இசை விருதான கிராமியின் 2025 விழா முடிந்ததிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒலிப்பதிவுக் கூடத்தில் இருபது வருடம் குமிழ் திருகியவன் என்ற ஒரே தகுதியில் முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

மாம்பலம் மாமி: தம்பி, கென்ட்ரிக் லாமரின் ‘நாட் லைக் அஸ்’ பாட்டுக்கு ‘ஆண்டின் சிறந்த ரெக்கார்டு’, ‘ஆண்டின் சிறந்த பாடல்’ இரண்டையும் கொடுத்துவிட்டார்களே. இரண்டும் ஒன்றுதானே?

இல்லை மாமி. உங்களுக்குக் கச்சேரிக் கணக்கில் சொன்னால் உடனே பிடிபடும். தியாகராஜர் இயற்றிய கீர்த்தனை ‘பாடல்’. அதை ஒருவர் ஒரு நாள் பாடிப் பதிவு செய்து வெளியிட்டது ‘ரெக்கார்டு’. பாடல் விருது எழுதியவருக்குப் போகும். ரெக்கார்டு விருதில் பாடியவர், தயாரித்தவர், ஒலிப்பதிவு செய்தவர், மிக்ஸிங் செய்தவர் எல்லோருக்கும் பங்கு உண்டு. எங்களைப் போல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் செல்லமான விருது இதுதான்.

இரண்டும் வேறு வேறு பாட்டுக்குப் போவதும் உண்டு. 2024இல் ரெக்கார்டு விருது மைலி சைரஸின் ‘ஃப்ளவர்ஸ்’ பாட்டுக்கு. பாடல் விருது பில்லி ஐலிஷும் அவர் அண்ணன் ஃபினியஸும் எழுதியதற்கு. 1959இல் நடந்த முதல் விழாவிலேயே ஒரே பாட்டு இரண்டையும் அள்ளியது. அது இங்கிலீஷ் பாட்டுகூட இல்லை, டொமெனிகோ மொடுக்னோ பாடிய இத்தாலியப் பாட்டு. லாமருக்கு இந்த முறை அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் ஐந்து விருது. இன்னொரு ராப் பாடகரைத் திட்டி எழுதிய பாட்டு அது. நம் ஊர் லாவணிக்காரர்கள் கேட்டால் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

தவில்பிரியன்: அண்ணா, பியான்சேவுக்கு எதற்கு ‘சிறந்த கன்ட்ரி ஆல்பம்’? அவர் கன்ட்ரி பாடகியே இல்லையே?

எல்லோரும் கேட்ட கேள்வி இது. கன்ட்ரி என்பது அமெரிக்கக் கிராமத்துப் பாட்டு வகை. முதலில் ஒரு விஷயம். எந்தப் பிரிவில் போட்டியிடுவது என்று கலைஞர் தரப்புதான் விண்ணப்பிக்கும். அது அந்தப் பிரிவுக்குப் பொருந்துமா என்று கிராமியை வழங்கும் ரெக்கார்டிங் அகாடமியின் குழு கேட்டுப் பார்த்து முடிவு செய்யும். 2016இல் இதே பியான்சேவின் ஒரு பாட்டை கன்ட்ரிக் குழு ஏற்றுக்கொள்ளவில்லை. இப்போது ‘கவ்பாய் கார்ட்டர்’ முழு ஆல்பத்தையும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் கன்ட்ரியின் தாய்வீடான நாஷ்வில் நகரத்துக்காரர்கள் நடத்தும் சி.எம்.ஏ. விருதுகளில் அதே ஆல்பத்துக்கு 2024இல் ஒரு பரிந்துரைகூடக் கிடையாது. வீட்டுக்காரர்கள் கதவைத் திறக்கவில்லை, ஊர் கூடி மாலை போட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

27 டிராக்கும் கன்ட்ரியா என்றால், என் காதுக்கு இல்லை. அதில் ராப் இருக்கிறது, ராக் இருக்கிறது, ஓபராவைத் தொடும் இடம்கூட இருக்கிறது. ஆனால் பாஞ்சோ ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளோடு வந்த வாத்தியம். கறுப்பர்களுக்கு கன்ட்ரியில் இடம் உண்டா என்று கேட்பதே தலைகீழான கேள்வி. இந்த விருதை வென்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர்தான். டெய்லர் ஸ்விஃப்ட் உறையைப் பிரித்துப் பெயரை வாசித்தபோது பியான்சே முகத்தைப் பார்த்தீர்களா? வாய் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டது.

‘ஆண்டின் சிறந்த ஆல்பம்’ வேறு கதை. நான்கு முறை பரிந்துரையாகி நான்கு முறையும் தோற்றவர். ஐந்தாவதில் கிடைத்தது. லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீயோடு போராடிய தீயணைப்பு வீரர்கள் கையால் வாங்கினார். மொத்தக் கணக்கு இப்போது 35. அதற்கு முன் பல்லாண்டு காலம் 31 விருதோடு உச்சியில் இருந்தவர் இசை நடத்துநர் ஜார்ஜ் ஷோல்ட்டி. அவரை 2023இலேயே தாண்டிவிட்டார்.

நள்ளிரவு ரசிகை: விடியவிடிய விழித்திருந்தேன் சார். சந்திரிகா டாண்டன் விருது வாங்கியதை டிவியில் காட்டவே இல்லையே?

நீங்கள் விழித்திருந்தது சரி, பார்த்த நிகழ்ச்சிதான் வேறு. 2025 கிராமியில் 94 பிரிவுகள். டிவியில் வருவது பத்துச் சொச்சம்தான். மற்றதெல்லாம் அன்று மதியமே பக்கத்து அரங்கில் கொடுத்து முடித்துவிடுவார்கள். நம் ஊருக்கு அது திங்கள் அதிகாலை 2 மணி, இணையத்தில் மட்டும் ஓடும். ஜாஸ், கிளாசிக்கல், உலக இசை எல்லாம் பெரும்பாலும் அங்கேதான். என்னைக் கேட்டால் இசைக்காரர்கள் பார்க்க வேண்டியது அந்த மதிய விழாவைத்தான்.

சந்திரிகா சென்னையில் வளர்ந்தவர், மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர், இந்திரா நூயியின் அக்கா. தொழில் உலகில் பெரிய பெயர் எடுத்துவிட்டு இசையைக் கெட்டியாகப் பிடித்தவர். ‘திரிவேணி’ ஆல்பத்தில் அவருடைய வேத மந்திரங்களோடு தென்னாப்பிரிக்காவின் வவுட்டர் கெல்லர்மன் புல்லாங்குழலும், ஜப்பானின் எரு மட்சுமோட்டோ செல்லோவும் வாசிக்கிறார்கள். அந்த ஆல்பம் வென்ற பிரிவில் அனுஷ்கா சங்கரும் ரிக்கி கேஜும் போட்டியில் இருந்தார்கள்.

கடம் பைத்தியம்: தமிழ்க்காரர்களில் ரஹ்மான் தவிர வேறு யார் வாங்கியிருக்கிறார்கள்?

பெயரை வைத்துக்கொண்டு இப்படிக் கேட்கலாமா! ரஹ்மானுக்கு 2010இல் இரண்டு. அதற்கு 18 வருடம் முன்பே விக்கு விநாயகராம் தொட்டுவிட்டார். உலக இசை ஆல்பத்துக்கு கிராமி கொடுக்க ஆரம்பித்த முதல் வருடம், 1992. அமெரிக்க டிரம்ஸ் கலைஞர் மிக்கி ஹார்ட்டின் ‘பிளானட் டிரம்’ ஆல்பத்தில் கடத்தோடு உட்கார்ந்தவர் இவர். ஒரு மண்பானைதான். அதன் வாயை வயிற்றில் அழுத்தியும் விலக்கியும் அடித்தாலே ஸ்வரம் இறங்கி ஏறும். மைக் வைத்துப் பதிவு செய்வது அவ்வளவு சுலபம் இல்லை. விரல் நுனி விழுவது ‘டிக்’கென்று பளிச்சென வரும், வாயிலிருந்து வரும் காற்று ‘கும்’மென்று மைக்கை மூழ்கடிக்கும். இரண்டையும் ஒரே மைக்கில் பிடிக்கப் போய் நான் கெடுத்த டேக்குகளுக்குக் கணக்கே இல்லை.

அப்புறம் 2024. அவர் மகன் செல்வகணேஷ், கஞ்சிராவோடு, சக்தி குழுவின் ‘திஸ் மொமென்ட்’ ஆல்பத்துக்கு வாங்கினார். 1970களில் கிட்டார் ஜான் மெக்லாஃப்லினோடும் தபலா ஜாகிர் உசேனோடும் சக்தியில் வாசித்தவர் அப்பா. அதே குழுவின் ஆல்பத்துக்குத்தான் பிள்ளைக்கு விருது. குழுவில் சங்கர் மகாதேவனும் வயலின் கணேஷ் ராஜகோபாலனும் உண்டு. ஜாகிருக்கு அன்று ஒரே நாளில் மூன்று. அந்த வருட டிசம்பரில் போய்விட்டார்.

பழைய கேசட்: பீட்டில்ஸுக்கு ஏஐ வைத்து விருதா? செத்தவர் குரலை மெஷின் பாடினால் அது ஏமாற்று இல்லையா?

மெஷின் பாடவில்லை. ஜான் லெனன் 1970களின் கடைசியில் வீட்டில் பியானோ வாசித்தபடி கேசட்டில் பாடி வைத்த ‘நவ் அண்ட் தென்’ பாட்டு அது. குரலும் பியானோவும் ஒன்றாகக் குழம்பிக் கிடந்ததால் 1995இல் முயன்று பார்த்துக் கைவிட்டார்கள். இப்போது மென்பொருள் குரலை மட்டும் பிரித்து எடுத்துக் கொடுத்தது, அவ்வளவுதான். அரிசியில் கல் பொறுக்கின மாதிரி. சிறந்த ராக் நிகழ்த்துதல் என்று விருது கொடுத்தது சரியா என்று கேட்டால், பாசத்தில் போட்ட ஓட்டு என்பேன்.

மெட்டல் மச்சான்: கிராமி இதுவரை சொதப்பியதில் உங்களுக்குப் பிடித்த சொதப்பல் எது?

1989, சந்தேகமே இல்லை. காதைப் பிளக்கும் கிட்டார் இசையான ஹார்ட் ராக், மெட்டல் இரண்டுக்கும் சேர்த்து முதல்முறையாக ஒரு விருது வைத்தார்கள். மெட்டல் குழுவான மெட்டாலிகாவுக்குத்தான் என்று ஊரே நினைத்தது. கிடைத்தது ஜெத்ரோ டல் குழுவுக்கு. முன்னால் நின்று புல்லாங்குழல் ஊதுபவரைக் கொண்ட குழு! தங்களுக்குக் கிடைக்காது என்று அவர்கள் விழாவுக்கே போகவில்லை. புல்லாங்குழலும் கனமான உலோக வாத்தியம்தான் என்று அவர்கள் கம்பெனி பிறகு நக்கலாக விளம்பரம் போட்டது. அடுத்த வருடமே பிரிவை இரண்டாக உடைத்தார்கள், மெட்டாலிகா வாங்கியது. இருக்கிற பெட்டிக்குள் இசை அடங்காவிட்டால் கிராமி புதுப்பெட்டி செய்யும். பெட்டி அதிகமானால் வெட்டும்: 2011இல் 109ஐ 78 ஆக்கினார்கள்.

சேலத்து மாம்பழம்: அந்தக் கிராமபோன் தங்கமா?

தங்க முலாம்தான். உள்ளே ‘கிராமியம்’ என்று அவர்களே பெயர் வைத்த கலப்பு உலோகம். கொலராடோவில் ரிட்ஜ்வே என்ற சின்ன ஊரில் கையால் செய்கிறார்கள். மேடையில் கட்டிப்பிடித்து அழுகிறார்களே, அது டம்மி. இறங்கியதும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பெயர் பொறித்த நிஜ விருது பிறகு பார்சலில் வீட்டுக்கு வரும்.