பென்சில் நின்ற பக்கம்

கேள்வி: ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 28. மூன்று வருடமாக எழுதி ஒரு நாவலை முடித்திருக்கிறேன். அச்சில் 416 பக்கம் வரும் என்கிறார்கள். நான்கு பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். இரண்டு இடத்திலிருந்து பதிலே இல்லை. ஒருவர் 74-ஆம் பக்கம் வரை பென்சிலால் கோடு போட்டு, 'முதல் 60 பக்கத்தை எடுத்துவிட்டு வாருங்கள், பேசலாம்' என்று திருப்பி அனுப்பிவிட்டார். நான்காமவர் மட்டும் ஒரே வாரத்தில் 'பிரமாதம், போட்டுவிடலாம்' என்றார். ரூ.85,000 கட்டினால் 300 பிரதி அச்சிட்டு ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குக் கொண்டுவந்துவிடுவாராம். அம்மா நகையை அடகு வைத்துப் பணம் தரச் சம்மதித்துவிட்டார். பெரிய பெயர்களைத் தவிர யாரையும் திரும்பிப் பார்க்காத பதிப்புலகத்தில், புதியவனுக்கு இதை விட்டால் வேறு வழி உண்டா? முதல் அத்தியாயத்தையும் அந்த நான்காமவர் அனுப்பிய ஒப்பந்தத்தின் படத்தையும் இணைத்திருக்கிறேன்.
(பெயர் வேண்டாம், கோவில்பட்டி)

பதில்: நகையை அடகு வைக்காதீர்கள். இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள், பணம் கட்ட அந்த நான்காமவர் சொன்ன கெடு முடிந்துவிடும் என்பதால், இந்த ஒரு வரியைத் தனியாகவும் உங்களுக்கு எழுதிவிட்டேன். மற்றதை இங்கே பேசுவோம்.

முதலில் கணக்கு. 85,000-ஐ 300-ஆல் வகுத்தால் பிரதிக்கு 283 ரூபாய். 416 பக்கம் என்பது, நாவல்களுக்கு வழக்கமான டெமி அளவில், 16 பக்கம் ஒரு ஃபாரம் என்ற அச்சகக் கணக்கில் 26 ஃபாரம். இதே அளவு, இதே பக்கம், நேச்சுரல் ஷேட் என்கிற இளமஞ்சள் தாள், 300 பிரதி என்று சொல்லி இரண்டு அச்சகங்களில் கொட்டேஷன் வாங்கிப் பாருங்கள். லே-அவுட்டுக்கும் அட்டைக்கும் ஆகிற செலவையும் கேட்டுக் கூட்டிக்கொள்ளுங்கள். வருகிற தொகையை 283-க்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மிச்சம் எதற்கு என்று அவரிடமே கேளுங்கள். அவர் என்ன பதில் சொன்னாலும் ஒன்று மாறப்போவதில்லை. ஒரு பிரதிகூட விற்காவிட்டாலும் அவருக்கு நட்டம் கிடையாது. நட்டமே வராது என்று தெரிந்தவர் உங்கள் நாவலைப் படித்துப் பார்க்க வேண்டிய அவசியமும் கிடையாது. அவர் படித்தாரா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், நாவலில் வருகிற யாராவது ஒருவருடைய பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்.

ஒரு காலத்தில் தமிழில் ஒரு நூலை 1,200 பிரதி அச்சிடுவது வழக்கம். அரசு நூலகங்களுக்கு வாங்கச் சொல்லும் நூலக ஆணை வந்தால் போட்ட முதல் திரும்பும், வராவிட்டால் கட்டுகள் கிடங்கில் கிடக்கும். புதியவருடைய நாவலைக் கையில் எடுக்கப் பதிப்பாளர் பயந்ததில் அன்று ஒரு நியாயம் இருந்தது. இன்று, தேவைப்படுகிற அளவுக்கு மட்டும் அச்சிடுகிற பிரிண்ட் ஆன் டிமாண்ட் வந்த பிறகு 50 பிரதி போட்டு, விற்றால் மறுபடி 50 போடலாம். பதிப்பாளரின் முதலீடு இவ்வளவு குறைந்திருக்கும்போது அந்தக் கொஞ்சத்தையும் எழுதியவன் தலையில் கட்டுகிற பழக்கம் பெருகியிருப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அந்த நான்காமவர் அனுப்பிய ஒப்பந்தத்தின் படத்தையும் பார்த்தேன். 'அனைத்து உரிமைகளும் நிரந்தரமாக' என்று இருக்கிறது. கையெழுத்துப் போடப் போகிற யாரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி, உரிமையை எழுத்தில்தான் கைமாற்ற முடியும். எத்தனை வருடத்துக்கு என்று எழுதாமல் விட்டிருந்தால் ஐந்து வருடம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த எல்லைக்குள் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும். 'நிரந்தரமாக' என்ற ஒரே சொல், சட்டம் உங்களுக்குத் தரும் ஐந்து வருடப் பாதுகாப்பைப் பறித்துவிடுகிறது. மொழிபெயர்ப்பு, சினிமா, ஒலிநூல் எல்லாம் அந்த 'அனைத்து'க்குள் வந்துவிடும். பணத்தையும் கொடுத்து உரிமையையும் கொடுக்கிறவரை நான் எந்தத் தொழிலிலும் பார்த்ததில்லை. 'ஐஎஸ்பிஎன் பெற்றுத்தர ரூ.3,000' என்றும் அதில் ஒரு வரி இருக்கிறது. ஐஎஸ்பிஎன் என்பது ஒவ்வொரு நூலுக்கும் தரப்படும் அடையாள எண். இந்தியாவில் அது இலவசம். ராஜாராம் மோகன் ராய் பெயரில் இயங்கும் அரசு முகமை, நூலாசிரியருக்கே நேரடியாகக் கொடுக்கிறது.

சரி, இனி நான் உண்மையில் பேச நினைத்ததற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை வருத்தப்பட வைத்த இடம், பென்சிலால் கோடு போட்டவரைப் பதில் சொல்லாத இரண்டு பேரோடு சேர்த்து எழுதியிருக்கிறீர்களே, அதுதான். பதில் சொல்லாதவர்கள் செய்தது தவறு. மூன்று வருட உழைப்பை அனுப்பியவனுக்கு 'முடியாது' என்று ஒரு வரி எழுத ஒரு நிமிடம் போதும். ஆனால் மூன்றாமவர்? கையில் பென்சிலோடு படிக்கிறவனுக்கு ஒரு மணி நேரத்தில் பத்துப் பக்கம் நகர்ந்தால் அதிகம். நான் தினமும் செய்கிற வேலை, அதனால் சொல்கிறேன். அப்படியானால் 74 பக்கத்துக்கு அவர் ஒரு முழு நாளை உங்களுக்குக் கொடுத்திருக்கிறார். அதுவும் புத்தகக் காட்சிக்கு முந்தைய மாதங்களில், மேஜை நிறைய புரூஃப் கிடக்கிற நேரத்தில். உங்கள் நாவலைப் படித்த ஒரே மனிதர் அவர். அவரை 'திருப்பி அனுப்பிவிட்டார்' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு, படிக்காமலே 'பிரமாதம்' என்றவரிடம் அம்மாவின் நகையைக் கொண்டுபோகப் பார்க்கிறீர்கள்.

தமிழில் நாவலாசிரியனோடு உட்கார்ந்து பிரதியைச் செம்மை செய்கிற பதிப்பாளர்கள் எப்போதுமே குறைவு. க்ரியா பதிப்பகத்தின் ராமகிருஷ்ணன் அதைத்தான் தன் முதல் வேலையாக நினைத்தார். இமையத்தின் முதல் நாவலான 'கோவேறு கழுதைகள்' 1994-ல் அங்கிருந்துதான் வந்தது. ராமகிருஷ்ணன் 2020-ல் போய்விட்டார். அந்தப் பழக்கம் இன்னும் மிச்சமிருக்கிற ஒருவர் உங்கள் பிரதியைத் தொட்டிருக்கிறார்.

நீங்கள் அனுப்பிய அத்தியாயத்தை நானும் படித்தேன். முதல் எட்டுப் பக்கம் தாத்தா கரிசல் நிலத்தை விற்ற கதை, ஊர்க் கோயில் கொடை, பங்காளிச் சண்டை. தப்பாக எழுதவில்லை. ஆனால் அங்கே நீங்கள் இல்லை, நீங்கள் படித்த நாவல்கள் இருக்கின்றன. ஒன்பதாம் பக்கம் வருகிறது. தீப்பெட்டி ஆபீசிலிருந்து வந்து படுத்த அம்மா, தூக்கத்திலும் கட்டையில் குச்சி அடுக்குகிற மாதிரி பாயின் மேல் விரலை நகர்த்திக்கொண்டே இருக்கிறாள். பக்கத்தில் படுத்திருக்கிற பையன் அந்த விரல்களைப் பிடித்து நிறுத்துகிறான். விரல் நின்றதும் அவளுக்கு விழிப்பு வந்துவிடுகிறது. 'கட்டை முடிஞ்சிருச்சா?' என்று கேட்கிறாள். நான் அந்த இடத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். இதை எழுதியவர் கோவில்பட்டியில்தான் பிறந்திருக்க முடியும். அது எந்த அம்மா என்று நான் கேட்கப் போவதில்லை, தம்பி. நகையைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வது அந்தப் பக்கத்தைப் படித்ததனால்தான்.

60 பக்கத்தையும் அப்படியே தூக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இந்த ஒன்பதாம் பக்கமும் அந்த 60-க்குள்தானே இருக்கிறது? அதன் ஓரத்தில் பென்சிலில் என்ன எழுதியிருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். கோபத்தில் சரியாகப் படிக்காமல் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 74-ஆம் பக்கத்தில் பென்சில் ஏன் நின்றது என்பதையும் பாருங்கள். அதற்கு மேல் படிக்கப் பிடிக்காமல் நின்றிருக்கலாம். அல்லது அங்கே கதை பிடித்துக்கொண்டு, கோடு போட மறந்து படித்துக்கொண்டே போயிருக்கலாம். எனக்கு இரண்டுமே நடந்திருக்கிறது. அவரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

'பெரிய பெயர்களைத் தவிர' என்கிறீர்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற இடைசெவல்காரர் கி.ராஜநாராயணன். அவருடைய 'கோபல்ல கிராமம்' நாவல் வந்தது 1976-ல், அவருக்கு 50 வயது தாண்டிய பிறகு. உங்களையும் அத்தனை வருடம் காத்திருக்கச் சொல்லவில்லை. ஆனால் 28 வயதில் ஒரு ஜனவரியைத் தவறவிட்டால் என்ன போய்விடும்? 1977-ல் ஆரம்பித்த சென்னைப் புத்தகக் காட்சி அதற்கடுத்த ஜனவரியிலும் நடக்கும். காட்சி முடிந்து மார்ச், ஏப்ரலில் அனுப்பினால் பதிப்பாளர்களுக்கும் படிக்க நேரம் இருக்கும். அப்போது முழு நாவலையும் அனுப்பாமல், கதையை ஒரு பக்கத்தில் எழுதி, மூன்று அத்தியாயத்தை யூனிகோடில் அனுப்புங்கள்.

சொந்தமாகப் போட்டுக்கொள்வதைக் குறைவாக நினைக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 'எழுத்து' பத்திரிகையை 1959-ல் தொடங்கிய சி.சு.செல்லப்பா, புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். வயதான காலத்தில் 'சுதந்திர தாகம்' நாவலையும் தானே வெளியிட்டார். அவர் இறந்த பிறகு, 2001-ல் அதற்குச் சாகித்ய அகாதெமி விருது வந்தது. அது அவர் பணம், அவர் உழைப்பு, அவர் உரிமை. உங்களிடம் வருவது வேறு. உங்கள் பணத்தில் இன்னொருவர் பதிப்பாளர் என்று பெயர் வாங்கிக்கொள்கிறார். எல்லா வழியும் அடைத்துவிட்டால் நீங்களே 50 பிரதி போடுங்கள், கிண்டிலிலும் ஏற்றுங்கள். ஆனால் நாவலைத் திருத்தி முடித்த பிறகு.

என் நண்பர் ஒருவர் 20 வருடத்துக்கு முன்னால் இப்படிப் பணம் கட்டி ஒரு நாவல் போட்டார். போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பழுப்புத் தாள் சுற்றிய கட்டுகள் கட்டிலுக்கு அடியில் இன்னும் இருக்கின்றன, மேலே ஒட்டிய லேபிள் மட்டும் மங்கிவிட்டது. ஒரு கட்டைப் பிரித்துப் பத்துப் பக்கம் படித்தோம். 'அப்பவே ஒருத்தர் சொல்லியிருந்தா திருத்தியிருப்பேன்' என்றார். அவர் இரண்டாவது நாவல் எழுதவில்லை.

அந்த ஒன்பதாம் பக்கத்தை மட்டும் எடுத்து, தாத்தாவையும் கொடையையும் விட்டுவிட்டு, 2,000 சொல்லுக்குள் ஒரு சிறுகதையாக எழுதி எனக்கு அனுப்புங்கள். போடுவேன் என்று வாக்குத் தரவில்லை. பென்சிலோடு கடைசிப் பக்கம் வரை படித்துப் பதில் எழுதுவேன். அதற்கு முன்னால், இன்றைக்கே, அந்த மூன்றாமவருக்கு ஒரு போன் போடுங்கள்.