வாசப்படியில் இரண்டு குடம்

கேள்வி: அக்கா, நான் மஞ்சக்குப்பத்தில் ஒரு மெடிக்கலில் வேலை பார்க்கிறேன். பக்கத்து வீட்டுப் பாட்டிக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்தால் வரும்போது வாங்கிவந்து கொடுப்பேன். போன வாரம் அவர் மகன் வாசலிலேயே நிறுத்தி, "எங்கள மதம் மாத்தப் பாக்கறியா?" என்று கேட்டுவிட்டார். அழுகையாக வந்தது. சர்ச் பிரசங்கத்தில் அன்பு காட்டச் சொல்கிறார்கள், காட்டினால் இப்படி. என் வேலையை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்துவிடட்டுமா?
- ஒரு வாசகி, கடலூர்

பதில்: வேண்டாம் தங்கச்சி, விட்டுவிடாதே. அந்த மகன்மேல் கோபமும் வேண்டாம். தான் செய்யவேண்டியதை அடுத்த வீட்டுப் பெண் செய்கிறாளே என்ற கூச்சம், சில நேரம் கோபமாகத்தான் வெளியே வரும்.

பைபிளில் லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் நல்ல சமாரியன் கதையை இன்னொரு தரம் படி. வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு அந்தச் சமாரியன் காயம் கட்டுகிறான், தன் வாகனத்தில் ஏற்றுகிறான், சத்திரத்தில் சேர்த்து இரண்டு பணம் கொடுக்கிறான். அன்றைக்கு அது கூலியாளின் இரண்டு நாள் சம்பளம். இத்தனையும் செய்தவன் அடிபட்டவனிடம் ஒரு வார்த்தை பேசியதாக அதில் இல்லை. நீ யார், யாரைக் கும்பிடுகிறாய், எதுவும் கேட்கவில்லை. அவன் வாய் திறப்பது சத்திரக்காரனிடம் மட்டும்தான், அதுவும் இவனைப் பார்த்துக்கொள் என்று சொல்லி, செலவுக்கணக்குப் பேச.

எனக்கு இதைப் புரியவைத்தவர் என் மாமியார். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் 'தானே' என்று பெயர் வைத்த புயல் அடித்தது. கரண்ட் கம்பமெல்லாம் சாய்ந்து, மோட்டார் ஓடவில்லை. கடலூர் முதுநகரில் எங்கள் தெருவிலேயே அடிபம்பு எங்கள் வீட்டில்தான். கேட்டைத் திறந்துவைத்தோம், குடங்கள் வரிசை கட்டின. பக்கத்து வீட்டம்மாவோடு மட்டும் மதில் தகராறில் மூன்று வருஷமாகப் பேச்சில்லை. காலிக் குடத்தோடு கேட் வரைக்கும் வந்தவர் அப்படியே திரும்பிப் போனதை மாமியார் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார்கள். எங்கள் பித்தளைக் குடம் இரண்டை நிரப்பி, "வாசப்படில வச்சிட்டு வா. கதவத் தட்டாத" என்றார்கள்.

"ஏன் அத்தை?"

"தட்டினா அவ எதுனா சொல்லியாவணும்ல. பாவம், அது அவளுக்குப் பாரம்."

மறுநாள் காலையில் இரண்டு குடமும் புளி போட்டுத் துலக்கி, பளபளவென்று எங்கள் திண்ணையில் கவிழ்ந்திருந்தன.

நீ அந்த மகனிடமே போய்ப் பேசு. "அண்ணே, பாட்டிக்கு மாத்திரை தீரப்போவுது. நீங்க வாங்கறீங்களா, நான் எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேள். பில்லைக் கொடு, காசு தந்தால் வாங்கிக்கொள். "நானே வாங்கிக்கிறேன்" என்றால் சந்தோஷப்படு; பாட்டிக்கு மாத்திரை போய்ச் சேர்ந்தால் சரிதானே. பையோடு வசனத் துண்டுப்பிரதி எதுவும் வைக்காதே. நீ வைத்திருக்க மாட்டாய், ஆனாலும் சொல்கிறேன், வைத்தால் மாத்திரைக்கு விலை கேட்டதுபோல் ஆகிவிடும். அவர்களாக என்றைக்காவது கேட்டால் மனம்விட்டுச் சொல்.

அப்புறம், உன் கவுண்டரை மறந்துவிட்டாயே! அட்டையில் நாலு மாத்திரை வெட்டிக் கொடுக்கும்போது காலாவதித் தேதி உள்ள முனை கடையிலேயே தங்கிவிடும். அந்தத் தேதியைக் கவரில் எழுதிக் கொடு. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று தமிழில் பெரிதாக எழுது. எழுத்து தெரியாதவருக்குச் சூரியனும் நிலாவும் வரைந்து கொடு. பஸ் ஏறி வந்த பெரியவர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி நின்றால், பின்னால் எத்தனை பேர் காத்திருந்தாலும் அவருக்கு இன்னொரு தரம் சொல்லிக் கொடு.