பதில்: அம்மாவின் ஸ்பைரோமெட்ரி இரண்டு இடத்தில் இரண்டு விதமாக வந்தது

வணக்கம். இரண்டு இடத்தில் எடுத்த ஸ்பைரோமெட்ரியில் (குழாயில் ஊதவைத்து நுரையீரலை அளக்கும் பரிசோதனை), இரண்டாவது இடத்தில் மட்டும் அம்மாவுக்கு 'நுரையீரல் சுருக்கம்' (நுரையீரல் கொள்ளும் காற்று குறைந்திருப்பது) என்று வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பயப்படுவதற்கு முன் அந்த அறிக்கையில் காற்றளவு–நேர வரைபடத்தைப் பாருங்கள். கோடு கடைசியில் சமமாகாமல் ஏறிக்கொண்டே இருக்கும்போது நின்றிருந்தால், அம்மா முழுதாக ஊதி முடிக்கவில்லை. அப்போது எஃப்விசி (மூச்சை முழுதாக இழுத்து, வேகமாக ஊதி வெளியேற்றும் மொத்தக் காற்றளவு) குறைந்து, நல்ல நுரையீரலும் சுருங்கியதுபோலத் தெரியும்.

ஏற்கத்தக்க ஊதல்கள் குறைந்தது 3 வேண்டும், எஃப்விசியில் சிறந்த இரண்டுக்கும் வித்தியாசம் 150 மில்லிக்குள் இருக்க வேண்டும் என்பது 2019 அமெரிக்க–ஐரோப்பிய வழிகாட்டுதல். ஒரே ஊதலை வைத்து எழுதிய முடிவை நான் நம்ப மாட்டேன். உயரம், வயது சரியாகப் பதிந்திருக்கிறதா? அவற்றை வைத்துத்தான் இயல்பான அளவைக் கணக்கிடுவார்கள்.

பக்கத்தில் நின்று "இன்னும், இன்னும்" என்று ஊதவைக்கும் டெக்னீஷியன் இருக்கும் இடத்தில் மறுபடி எடுங்கள். அப்புறமும் குறைவாக வந்தால், நுரையீரலின் மொத்தக் கொள்ளளவை அளக்கும் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். சுருக்கத்தை அதுதான் உறுதிசெய்யும்.