வாசகர் கேள்வி பதில்: ஓடைத் தண்ணீரில் கரன்ட்

கேள்வி: தோட்டத்து ஓடைத் தண்ணீரை 120 மீட்டர் நீளமுள்ள 90 எம்.எம். பி.வி.சி. பைப்பில் 20 மீட்டர் கீழே இறக்கி டர்பைன் ஓட்டுகிறோம். விநாடிக்கு 15 லிட்டர் வருகிறது. ஒன்றரை கிலோவாட் கிடைக்கும் என்றார்கள். 800 வாட்டைத் தாண்டவில்லை. 60 ஆயிரம் செலவழித்து ரன்னரை (தண்ணீர் பட்டுச் சுழலும் சக்கரத்தை) மாற்றலாமா? – கோத்தகிரி வாசகர்

பதில்: ரன்னரில் கை வைக்காதீர்கள். லிட்டர் × உயரம் × புவியீர்ப்பு எண்: 15 × 20 × 9.81 = 2,943 வாட். டர்பைன், பெல்ட், ஜெனரேட்டர் மூன்றும் சேர்ந்து பாதியைத் தின்றாலும் 1,470 நிற்கும். விற்றவர் போட்ட கணக்கு இதுதான். பைப்பின் உராய்வை அவர் விட்டுவிட்டார்.

டர்பைனுக்கு முன்னால் உள்ள கேட் வால்வுக்குச் சற்று மேலே ஒரு பிரஷர் கேஜ் மாட்டுங்கள். வால்வை மிக மெதுவாக மூடுங்கள். சட்டென்று மூடினால் தண்ணீர் மோதி பைப் பிளந்துவிடும். மூடியபின் முள் (சதுர சென்டிமீட்டருக்கு) 2 கிலோவில் நிற்கும், அதாவது 20 மீட்டர். திறந்து ஓட்டினால் 1.1 கிலோ வாக்கில் இறங்கும். கிட்டத்தட்ட 9 மீட்டரைப் பைப்பே விழுங்கிவிட்டது; உங்கள் டர்பைனுக்குக் கிடைக்கும் உயரம் 11 மீட்டர்தான். அந்த உயரத்துக்கு 800 வாட் என்பது சரியான விளைச்சல். முள் நிற்காமல் துடித்தால் பைப் வாயில் காற்று புகுகிறது. பைப் தொடங்கும் தொட்டியின் வலையில் சருகு அடைத்திருக்கிறதா பாருங்கள்.

இதே தண்ணீர் 140 எம்.எம். பைப்பில் வந்தால் இழப்பு ஏறக்குறைய 1 மீட்டர்; 1,400 வாட் வரும். ஆனால் தண்ணீர் பீய்ச்சும் வேகம் 30 சதவீதம் கூடும். புல்லியை மாற்ற வேண்டும், நாசில் (தண்ணீர் பீய்ச்சும் முனை) துளையையும் சிறிதாக்க வேண்டும், ஜெனரேட்டர் அந்த லோடைத் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும்.

பைப்பை மாற்ற மனமில்லையா? நாசிலைச் சிறிதாக்கி விநாடிக்கு 10 லிட்டர் மட்டும் விடுங்கள். உராய்வு 4 மீட்டராகக் குறையும். அப்போதும் 780 வாட் வரும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மிச்சம். பாதி வீணாகும் என்ற இதே கணக்கில், 90 எம்.எம். பைப்பில் 850 வாட்டுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: கையில் 4 லட்சம் இருக்கிறது. எஃப்.டி.யில் 7 சதவீதம் கிடைக்கும். அதற்குப் பதில் வீட்டுக்குச் சொந்த டர்பைன் வைத்தால் லாபமா? – கூடலூர் வாசகர்

பதில்: உற்பத்தியாகும் யூனிட்டை எண்ணாதீர்கள், நீங்கள் செலவழிக்கும் யூனிட்தான் வருமானம். வீட்டுக்கு ஒரு நாளைக்கு 10 யூனிட், ஓடை ஒழுங்காக ஓடுவது 7 மாதம் என்று வைத்தால் 2,100 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் போட்டாலும் 16,800 ரூபாய். பேரிங், பெல்ட், பைப் ஒட்டு வேலைக்கு 4 ஆயிரம் கழியும். எஃப்.டி.யில் 28 ஆயிரம் வட்டி, முதலும் திரும்பி வரும். லைன் கரன்ட் இருக்கும் வீட்டுக்கு இது முதலீடு ஆகாது.

லைனே இல்லாமல் டீசல் ஜெனரேட்டர் ஓட்டுபவர் என்றால் கதை வேறு. சிறிய ஜெனரேட்டர் லிட்டருக்கு 3 யூனிட் தரும். யூனிட் 30 ரூபாய் ஆகிறது. அதே 2,100 யூனிட் 63 ஆயிரத்தை மிச்சப்படுத்தும். ராத்திரியில் வீணாகும் கரன்ட்டைத் தண்ணீர் ஹீட்டருக்குத் திருப்பினால் விறகும் மிச்சம்.

முன்பணம் கொடுக்கும் முன் கோடைக் கடைசியில், மழைக்கு முன், 200 லிட்டர் டிரம்மை ஓடையில் வைத்து நிரம்ப எத்தனை விநாடி என்று பாருங்கள். 20 விநாடி என்றால் விநாடிக்கு 10 லிட்டர். ஜூலையில் அளந்து வாங்கியவர்கள்தான் பிறகு டர்பைனைத் திட்டுகிறார்கள். ஓடை பெரும்பாலும் புறம்போக்காக இருக்கும். நிலத்துக்குப் பட்டா இருப்பது தண்ணீருக்கு அனுமதி ஆகாது.

கேள்வி: பழைய மோனோபிளாக் பம்பை (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருப்பது) தலைகீழாக ஓட்டி கரன்ட் எடுக்கலாமா? – வால்பாறை வாசகர்

பதில்: எடுக்கலாம், மலிவும்கூட. 3 ஃபேஸ் மோட்டார் உள்ளதாகப் பாருங்கள். கபாசிட்டர் போட்டால் ஜெனரேட்டராக வேலை செய்யும். பம்ப் பெயர்ப்பலகையில் உள்ளதைவிடக் கூடுதல் உயரமும் கூடுதல் தண்ணீரும் அதற்கு வேண்டும். இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) தண்டில் மரையில் முடுக்கியதா, கீ (ஆப்பு) போட்டதா என்று கழற்றிப் பாருங்கள். மரை என்றால் எதிர்ப்புறம் சுற்றும்போது கழன்று வரக்கூடும். தண்ணீரைக் கூட்டிக் குறைக்க இதில் வழி கிடையாது. ஓட்டம் பாதியானால் கரன்ட் பாதியாகாது, அநேகமாக நின்றே போகும். வருடம் முழுக்க ஒரே சீராக ஓடும் ஊற்றுக்கு மட்டும் இதை வையுங்கள்.