பென்னட் அம்மாளின் கணக்கு

ஐயா,

ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' படித்தேன். திருமதி பென்னட்டைத் தாங்க முடியவில்லை. ஓயாத கல்யாணப் பேச்சு, நரம்புத் தளர்ச்சி, கூப்பாடு. அப்பா எவ்வளவு நிதானமானவர்! பழைய நாவல்களில் நல்ல தாயே கிடையாதா? எனக்கு இரண்டு பெண்கள். வளர்ப்புக்கு உதவும் நாவல் ஒன்று சொல்லுங்கள்.

எம்., திருமங்கலம்

அன்புள்ள எம்.,

பிள்ளை வளர்க்க நாவலைக் கேட்காதீர்கள். நல்ல தாய்தான் வேண்டுமென்றால், பிள்ளையைப் பறிகொடுத்துத் தவிக்கும் கமலாம்பாள் பக்கத்திலேயே இருக்கிறாள். வத்தலக்குண்டு ராஜம் ஐயர் எழுதிய 'கமலாம்பாள் சரித்திரம்', 1896இல் நூலாக வந்தது.

'அப்பா நிதானமானவர்' என்றீர்களே, அதைத்தான் விட முடியவில்லை. சில நாட்களாக நானும் அந்த வீட்டையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஐந்து பெண்கள். ஆண்டு வருமானம் 2,000 பவுண்டு. பென்னட் கண்ணை மூடினால் நிலமும் வீடும் பங்காளி காலின்ஸுக்கு. தாய்க்கும் பெண்களுக்குமாக எழுதிவைத்தது 5,000 பவுண்டு, அவ்வளவுதான். மகன் பிறப்பான், சொத்து தங்கிவிடும் என்று நம்பி அந்த மனிதர் ஒன்றும் சேர்க்கவில்லை. 50ஆம் அத்தியாயத்தில் அவரே அதற்காக வருந்துகிறார். அந்தப் பக்கத்தை எப்படியம்மா தாண்டிப் போனீர்கள்? அவர் புத்தக அறைக்குள் இருந்துகொண்டு பெண்டாட்டியைக் கேலி பேசுகிறார், நீங்களும் கூடச் சேர்ந்து சிரிக்கிறீர்கள். மூத்தவள் ஜேனை மழை வரும் என்று தெரிந்தே அந்த அம்மாள் குதிரையில் அனுப்பியது தப்பு. கடைக்குட்டி லிடியாவுக்குக் கொடுத்த செல்லம் அதைவிடத் தப்பு. ஆனால் அந்த வீட்டில் நாளையைப் பற்றிப் பயந்தவள் அவள் ஒருத்திதான்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பெரியக்கா ஏழாம் வகுப்புப் போன வருஷமே அம்மா சீட்டுப் பணத்தில் மதுரைப் புதுமண்டபம் போய்ப் பித்தளைச் சருவச்சட்டி வாங்கினாள். கடைக்காரர் உளியைத் தட்டத் தட்ட, விளிம்பில் புள்ளி புள்ளியாக அக்கா பேர் எழுந்தது. பிறகு குத்துப்போணி, தூக்குவாளி, வருஷத்துக்கு ஒன்றாகக் கட்டிலடிச் சாக்கில் சேர்ந்தன. "மாப்பிள்ளை பேரையும் வெட்டியிருக்கலாமே" என்பார் அப்பா, பேப்பரை மடித்துக்கொண்டே. நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அம்மா புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பாள். அப்பா நல்லவர். எனக்குப் புத்தகம் வாங்கித் தந்ததெல்லாம் அவர்தான்.

அக்காவுக்கு நிச்சயமானபோது அவர் கையில் வண்டிக்கூலிக்குக்கூடக் காசில்லை. அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாக்கை இழுத்துப் பிரித்தாள். அப்பா சருவச்சட்டியை எடுத்து, வெட்டிய பேரைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

கல்யாணம் முடிந்த மறுவாரம், சின்னக்கா பேரில் அம்மா புதுச் சீட்டில் சேர்ந்தாள்.